பிரீமியத்தை ஏற்றுங்கள், ஆனால் எதற்கு எவ்வளவு என்று சொல்லுங்கள்

ஐதராபாத்தில் உள்ள இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்துக்கு,

வணக்கம். சேலம் அம்மாபேட்டையிலிருந்து எழுதுகிறேன். இங்கே தறி வைத்திருப்பவர்கள், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்துபவர்கள் என்று தெரிந்தவர்கள் பலர், மெடிக்கல் பாலிசிக்கு ரினியூவல் நோட்டீஸ் வந்தால் என்னிடம் எடுத்து வருகிறார்கள். கேள்வி ஒன்றுதான்: "நான் ஆஸ்பத்திரிப் பக்கமே போகலீங்களே, எதுக்கு ஏத்திட்டாங்க?"

காரணம் எனக்கு ஓரளவு புரிகிறது. ஒரே திட்டத்தில் இருக்கிற எல்லோருடைய கிளெய்மையும் சேர்த்துத்தான் கட்டணம் போடுகிறார்கள். அறை வாடகையும் மருந்து விலையும் ஏறினால், படுக்காதவரும் சேர்ந்து கொடுக்க வேண்டும். அப்புறம் வயது. 46 முதல் 50, 51 முதல் 55 என்று பிரித்திருக்கும் திட்டத்தில், 50 முடிந்ததும் அடுத்த படிக்கான தொகை வந்துவிடும்.

வரிதான் ஆட்களை ரொம்பக் குழப்பியது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு 18% ஜிஎஸ்டி கிடையாது. முன்பு 20,000 ரூபாய் பிரீமியம், 3,600 வரி, மொத்தம் 23,600 கட்டியவர் இனி 20,000 கட்டினால் போதும் என்று நினைத்தார். அதே நேரத்தில் நிறுவனம் அடிப்படைத் தொகையை 15% ஏற்றியிருந்தால் அவர் கட்ட வேண்டியது 23,000. மிச்சம் 600 ரூபாய். நோட்டீஸில் மொத்தத் தொகை மட்டும் இருந்தால், வரிக் குறைப்பையே ஏமாற்று வேலை என்று நினைக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியுமா?

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. பிரீமியத்தை அரசு கட்டுவதால், அது ஏறினாலும் இறங்கினாலும் ஏற்காட்டு எஸ்டேட் தொழிலாளிக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் அதற்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வருமானம் பார்க்காமல் 5 லட்சம் வரை ஒன்றிய அரசு திட்டம் உண்டு. இரண்டிலும் சேராதவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள். கட்டிய பிரீமியத்துக்கு வருமான வரியில் சலுகை இருக்கிறதே என்பார்கள் சிலர். புதிய வரி முறைக்குப் போனவர்களுக்கு அதுவும் கிடையாது.

சரி, நான் கேட்பது இதுதான். கட்டணத்தைத் திருத்தினால் மூன்று மாதம் முன்பே சொல்வோம் என்று பாலிசிப் பத்திரத்தில் அச்சடித்திருக்கிறார்கள். ஆனால் நான் பார்த்த நோட்டீஸ்களில் பல, கெடுவுக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் வந்தன. வேறு நிறுவனத்துக்கு மாற வேண்டுமென்றால் 45 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். விலை தெரிவதற்குள் மாறும் வழி அடைபட்டுவிடுகிறது. இதைக் கவனித்து, தாமதமாகச் சொல்லும் நிறுவனத்தை அந்த ஆண்டு பழைய கட்டணத்துக்கே புதுப்பிக்க வைக்க வேண்டும்.

நோட்டீஸில் வயதுக்கு எவ்வளவு, திட்டத் திருத்தத்துக்கு எவ்வளவு, வரி எவ்வளவு என்று தனித்தனியாக, தமிழில் இருக்கட்டும்.

60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஆண்டுக்கு 10%க்கு மேல் ஏற்றுவதானால் உங்களிடம் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவிட்டீர்கள். நல்ல காரியம். 58, 59 வயதுக்காரர்களுக்கு அந்தக் காவல் இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் வந்துவிட்ட அந்த வயதில் புது பாலிசி தேடிப் போவதும் சுலபமில்லை. அந்த வரம்பை 50 வயதிலிருந்தே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
அம்மாபேட்டைவாசி ஒருவர்
சேலம்