1984-க்கு அப்புறம்

அன்புள்ள மீனா,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. மழை விட்டபாடில்லை.

நவம்பர் 18 இரவு, நம் சிங்கப்பூர் ஹாங்காங்கை வென்று ஆசியக் கிண்ணக் காற்பந்துப் போட்டிக்குத் தகுதி பெற்றதும் நான் அனுப்பிய ஒன்பது மெசேஜுக்கு மறுநாள் காலை நீ ஒரு கட்டைவிரலை அனுப்பியிருந்தாய். குறை சொல்லவில்லை. ஆட்டம் முடிந்தபோது மெல்பர்னில் நள்ளிரவு தாண்டியிருக்கும், மறுநாள் உனக்கு வேலை. ஆனால் நாற்பத்தொரு வருஷச் சமாசாரத்துக்கு ஒரு கட்டைவிரல் போதாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ தொடக்கநிலை நான்கில் படிக்கும்போது நம் தேசியக் காற்பந்துக் குழுவைப் பற்றி அட்டையில் எழுதி ஒட்டும் வேலை ஒன்று கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? 'ஆசியக் கிண்ணம்' என்று தலைப்புப் போட்டுவிட்டு என்னிடம் கேட்டாய். 1984 என்றேன். எழுதினாய். "அப்புறம்?" என்றாய். "அப்புறம் இல்லை" என்றேன். மிச்ச இடத்தில் ஒரு சிங்கம் வரைந்தாய். பூனை மாதிரி இருந்தது, அது வேறு விஷயம்.

அந்த 1984-கூட நாம் ஆடி ஜெயித்து வாங்கிய இடம் இல்லை. போட்டியே இங்கேதான் நடந்தது. தன் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார யாரும் பத்திரிகை கேட்க மாட்டார்கள் இல்லையா, அப்படி. மொத்தம் பத்து அணிகள். நம் பிரிவில் சீனா, ஈரான், ஐக்கிய அரபு சிற்றரசுகள், இந்தியா.

இந்தியாவுடனான ஆட்டத்துக்குத் தாத்தா என்னைக் கூட்டிப்போனார். எனக்குப் பதினான்கு வயது, டிசம்பர் பள்ளி விடுமுறை. தாத்தா அப்போது துறைமுகத்தில் வேலை, கையில் நிரந்தரவாசிகளுக்கான நீல அடையாள அட்டை, பெட்டியில் இந்தியப் பாஸ்போர்ட். மன்னார்குடியை விட்டு வந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. பழைய காலாங் அரங்கத்துக்கு வெளியே கச்சாங் பூத்தே வாங்கிக் கொடுத்தார். பழைய தாளைக் கூம்பாகச் சுருட்டி, கடலையும் முறுக்கும் கலந்து போட்டுத் தருவார்களே, அதுதான். நான் கத்துவதற்கு வந்தவன். அவர் எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நாம் முதல் கோல் போட்டதும் நான் எழுந்து குதித்தேன். தாத்தா உட்கார்ந்தே இருந்தார். இரண்டாவது கோலுக்கும் அப்படியே. கூம்பு காலியான பிறகும் அதற்குள் விரலைவிட்டுத் துழாவிக்கொண்டே இருந்தார். 2-0. பஸ்ஸில் பாதி தூரம் வந்த பிறகுதான் வாய் திறந்தார்: "நல்லாத்தான் ஆடுனானுங்க." யாரைச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மற்ற ஆட்டங்களையும் சொல்லிவிடுகிறேன். ஈரானோடு 1-1 சமன், அது சாதாரண விஷயம் இல்லை. சிற்றரசுகளிடம் 0-1, சீனாவிடம் 0-2. ஐந்தில் நான்காவது இடம், நமக்குக் கீழே இந்தியா. கிண்ணத்தைச் சவூதி அரேபியா கொண்டுபோனது.

அதன் பிறகு நாம் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. தென்கிழக்காசியக் கிண்ணத்தை நான்கு தடவை வென்றோம்: 1998, 2004, 2007, 2012. 1998-இல் ஹனோயில், வியட்நாமை அவர்கள் ஊரிலேயே 1-0 என்று சாய்த்தோம். சசிகுமார் போட்ட கோல், பந்து அவர் தோளில் பட்டு உள்ளே போனது. எதில் பட்டால் என்ன! ஆனால் பேட்டைக்குள் பெரிய ஆளாக இருந்தவர்கள் ஆசிய வாசலுக்குப் போனால் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தார்கள். ஒன்றை மட்டும் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. 2006 பிப்ரவரியில், தகுதிச் சுற்றில், ஈராக்கை இங்கே 2-0 என்று வென்றோம். நாம் தகுதி பெறவில்லை. அதே ஈராக் மறு வருஷம் ஆசியக் கிண்ணத்தையே தூக்கியது.

2019-இலிருந்து 24 அணிகள், அதனால்தான் நுழைந்தோம் என்று கோப்பிக் கடையில் ஒருவர் சொன்னார். வாசல் அகலம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2019-இலும் அதற்கடுத்த போட்டியிலும் அதே அகலம்தானே இருந்தது? அப்போது நுழைந்தோமா?

இந்த முறை தகுதிச் சுற்றிலும் நம் பிரிவில் இந்தியா. அக்டோபர் 9 காலாங்கில் ஆட்டம். இக்சான் ஃபாண்டி முதல் பாதி முடியும் நேரத்தில் கோல் போட்டார். இடைவேளைக்குப் பிறகு அவர்களுடைய ஜிங்கானுக்குச் சிவப்பு அட்டை, பத்துப் பேர்தான் மிச்சம். அப்படியும் 90-வது நிமிஷத்தில் ஒரு கோல் வாங்கினோம். 1-1. அன்றைக்கு அம்மா என்னிடம் பேச்சே கொடுக்கவில்லை, முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். ஐந்து நாள் கழித்துக் கோவாவில் இந்தியா முதல் கோலைப் போட்டதும் டிவியை அணைக்கப் போனேன். நல்லவேளை, ரிமோட் கிடைக்கவில்லை. சோங் யுய்-யோங் இரண்டு கோல், 2-1. கொரியாவில் பிறந்து, இளம் வயதில் இங்கே ஆட வந்து, 2021-இல் குடியுரிமை வாங்கியவர். தாத்தாவை நினைத்துக்கொண்டேன். அவர் குடிமக்களுக்கான இளஞ்சிவப்பு அட்டைக்கு மாறியது 1987-இல். அன்று வீட்டுக்கு வந்து அட்டையை மேசைமேல் வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஹாங்காங் ஆட்டத்தை நீ பார்க்கவில்லை, அதனால் சொல்கிறேன். அவர்களுடைய கை தாக் அரங்கம் முழுக்க அவர்கள் ரசிகர்களின் சிவப்பு. முதல் பாதியிலேயே ஒரு கோல் வாங்கிவிட்டோம். நான் கோப்பிக் கடையில் இருந்தேன், பக்கத்து மேசைக்காரர் பில்லைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார், பாவம். இடைவேளையில் அந்த கேவின் லீ என்ன சொன்னாரோ. முப்பத்தைந்து வயதுப் பிள்ளை, ஜூனில் ஜப்பானியப் பயிற்றுநர் விலகியதும் தற்காலிகமாக வந்து உட்கார்ந்தவர். 64-வது நிமிஷம் ஷவால் அனுவார், 68-வது நிமிஷம் இல்ஹான் ஃபாண்டி. நான்கு நிமிஷம், மீனா. என் கோப்பி ஆறக்கூட இல்லை. மிச்ச நேரம் முழுக்க நான் நின்றுகொண்டே பார்த்தேன். கடைக்கார அண்ணன் உட்காரச் சொல்லி இரண்டு முறை திட்டினார், மூன்றாவது முறை அவரும் வந்து நின்றுவிட்டார்.

போட்டி சவூதியில், 2027 ஜனவரி 7 தொடங்கி பிப்ரவரி 5 வரை. அங்கே போய் மூன்று ஆட்டத்தையும் தோற்றாலும் தோற்போம், அதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா வரமாட்டாளாம். நானும் நீயும் போகலாம், டிக்கெட்டுக்கு எடுத்துவைத்திருக்கிறேன்.

உன் அட்டை பழைய பெட்டியில் கிடைத்தது. பசை காய்ந்து ஓரம் பிரிந்திருக்கிறது, சிங்கம் அப்படியே இருக்கிறது. 1984-க்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுத இடம் இருக்கிறது. நான் எழுதவில்லை, உன் கையெழுத்து வேண்டும்.

ஜனவரியில் உனக்கு எத்தனை நாள் லீவு கிடைக்கும்? இதற்கும் கட்டைவிரலை அனுப்பாதே, தேதியைச் சொல்.

அன்புடன்,
அப்பா