சீனி வருத்தம் இல்லைதான், மனே

அன்புள்ள மகனுக்கு,

சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இங்கே கல்லடியில் மழை விட்டுவிட்டது. மாமா வயல் இந்த முறை பரவாயில்லை, ஒரு மூட்டை அரிசி அனுப்பியிருக்கிறார். அரிசி என்றதும் கேட்க நினைத்தேன், நீ இரவிலும் சோறுதானா? வேலை முடிந்து வந்து பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டு அப்படியே படுக்கிறாயாம், மருமகள்தான் சொன்னாள், அவளோடு சண்டைக்குப் போகாதே.

நடக்கிறாயா? குளிர் என்று சொல்லுவாய். இங்கே காலையில் கல்லடிப் பாலத்தில் உன்னைவிட இருபது வயது கூடினவர்கள் கையை வீசிக்கொண்டு போகிறார்கள்.

வேறு புதினம் எழுதத்தான் உட்கார்ந்தேன், ஒன்றும் வருகுதில்லை. குடும்பக் குரூப்பில் உன் இரத்தப் பரிசோதனைத் துண்டின் படத்தைப் போட்டு உடனே அழித்தாயே, தங்கச்சி அதைப் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு உன்னோடு கதைத்தேன், நீ வாயே திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசியில் தங்கச்சி கேட்டதற்கு "சீனி வருத்தம் இல்லையாம், விடு" என்று சொன்னாயாம்.

அப்பாவுக்கும் இல்லை மனே.

அப்பாவின் பரிசோதனைத் துண்டுகளை வைத்த அந்த மஞ்சள் பையை அலுமாரியில் இருந்து எடுத்துப் பார்த்தேன். வெறும் வயிற்றில் பார்த்த சீனி 108, பிறகு 115, பிறகு 117. சீனி வருத்தம் என்று சொல்ல 126 வேண்டுமாம், ஒன்றுகூட அதைத் தொடவில்லை. ஒரு துண்டின் ஓரத்தில் அப்பாவே நீலப் பேனையால் "ஓகே" என்று எழுதி, கீழே கோடும் போட்டிருக்கிறார். நெஞ்சு வருத்தம் அப்பாவைக் கொண்டுபோன அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி உனக்கு நான் எழுதத் தேவையில்லை.

வெறும் வயிற்றில் உன்னுடையது 6.2 என்றதும் சின்ன எண்தானே என்று நினைத்தேன். கனடாவில் அளவு வேறாம், 18ஆல் பெருக்க வேண்டுமாம். பெருக்கினால் 112 வருகுது.

சின்னம்மாவின் மகள் இப்போது டொக்டருக்குப் பயிற்சி எடுக்கிறாள், அவளைக் கூப்பிட்டு இருத்தி வைத்துக் கேட்டேன். அந்த 126 என்கிறது கண் பழுதாகத் தொடங்குகிற அளவைப் பார்த்துப் போட்ட கோடாம், இதயத்தைக் கேட்டுப் போட்டதில்லையாம். அமெரிக்காவில் சீனி வருத்தம் இல்லாத 11,000 பேருக்கு மேல் பல வருசம் கவனித்து 2010இல் எழுதியிருக்கிறார்கள். ஏ1சி என்று வேறு ஒரு ரெஸ்ட், கடைசி இரண்டு மூன்று மாதச் சீனியைக் காட்டுகிறது, உன் 6.2 அந்தக் கணக்கில்லை, அது 6க்கும் 6.5க்கும் இடையில் இருந்தவர்களுக்கு, 5க்கும் 5.5க்கும் இடையில் இருந்தவர்களைவிட இதய வருத்தம் வருகிற வாய்ப்பு 1.8 மடங்கு கிட்ட இருந்ததாம். 6.5ஐத் தொட்டால்தான் சீனி வருத்தம் என்று பெயரே வைப்பார்கள். சீனி மட்டும்தான் காரணம் என்று சொல்ல ஏலாது, பிறசர், கொழுப்பு, வயிறு எல்லாம் கூடவே வரும் பெரியம்மா என்றும் சொன்னாள். உன் வயிற்றைத்தான் வீடு குடிபுகுந்த படத்தில் பார்த்தேனே.

அந்தப் படத்தைத் தெரு முழுக்கக் காட்டினேன், அது வேறு கதை. நம்முடைய பக்கத்தில் யார் அப்படி வீடு வாங்கினது? ஆனால் அந்த வீட்டுக் கடனுக்காக இரண்டு வேலை பார்த்து, நித்திரை இல்லாமல், பிளேன்ரீயும் பணிஸுமாக நாளை ஓட்டுகிறாய் என்றால் எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பயப்படுத்த எழுதவில்லை. இந்த அளவில் பிடித்தால் திருப்பலாமாம். உடம்பு நிறையில் நூற்றுக்கு ஏழு குறைக்க, கிழமைக்கு 150 நிமிசம் நடக்க என்று இலக்கு வைத்து முயன்றவர்களில் சீனி வருத்தம் வருவது பாதிக்கு மேல் குறைந்ததாம், அதுவும் பெரிய ஆய்வுதான், 2002இல் வந்தது. நீ 84 கிலோ, ஆறு கிலோ குறைந்தால் போதும். நட. இரவுச் சோற்றைக் குறை. கொழுப்பும் பிறசரும் சேர்த்துப் பார், டொக்டரிடம் அப்பாவின் கதையைச் சொல், ஒளிக்காதே. நட மனே.

அடுத்த மாதம் மாமாவின் மகன் வரும்போது குரக்கன் மா கொடுத்து அனுப்புகிறேன், பிட்டு அவித்துச் சாப்பிடுங்கள், சீனி போடாமல். ஏ1சி எடுத்தால் எண்ணை எனக்கு அனுப்பு. எனக்குச் சொல்ல விருப்பமில்லை என்றால் தங்கச்சிக்காவது சொல்.

அம்மா