திரும்பிப் போன முதல் வாரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வந்துபோகிறவர்களைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் விமான நிலைய வாசலோடு முடிந்துவிடுகின்றன. அழுதார்கள், கையசைத்தார்கள், சுபம். அதற்கப்புறம் அந்த ஆள் என்ன ஆனார் என்று யாரும் கேட்பதில்லை. அந்த முதல் வாரத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதில் படும் பாட்டில் பாதி, டிக்கெட் போடும்போதே நாம் வரவழைத்துக்கொள்வது என்பது என் எண்ணம்.

நான் வெளிநாட்டில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் பிரிவில் பல நாட்டுக்காரர்கள். ஊர்தான் வேறு வேறு, பழக்கம் எல்லோருக்கும் ஒன்றே. விடுப்பின் கடைசிச் சொட்டுவரை வீட்டில் இருந்துவிட்டு, நள்ளிரவில் வந்திறங்கி, மறுநாள் காலை வேலையில் நிற்பது. அப்படி வந்தவர்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒட்டிய வில்லையில் பெயர் சரியாக இருக்கிறதா என்று ஒரே குப்பியை மூன்று தடவை எடுத்துப் பார்ப்பார்கள். பக்கத்தில் யாராவது பேசினால் நான்காவது தடவையும் பார்ப்பார்கள். கவனமாக இருக்கிறார்கள் என்று மேலாளர் நினைத்துக்கொள்வார். தன் கண்ணையே நம்ப முடியாத நிலை அது.

இதற்கு உடம்பில் காரணம் இருக்கிறது. நமக்குள் ஓடும் கடிகாரத்தின் ஒரு சுற்று, பெரும்பாலானவர்களுக்கு 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதல். அதனால் ஒரு நாளை நீட்டுவது உடம்புக்குச் சுலபம், சுருக்குவது கஷ்டம். மேற்கே பறந்தால் நாள் நீளும், கிழக்கே பறந்தால் சுருங்கும். கிழக்கே போகிறவர்கள்தான் அதிகம் திணறுவார்கள். மணிக்கணக்கில் எவ்வளவு வித்தியாசமோ, உடம்பு சரியாவதற்கு ஏறக்குறைய அத்தனை நாள் ஆகும் என்பது பொதுவான கணக்கு. அந்தக் கடிகாரத்தைத் திருத்துவதில் வெளிச்சத்துக்கு இணை வேறெதுவும் இல்லை. நாமோ திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பட்டப்பகலில் தூங்குகிறோம்.

தூக்கம் சில நாளில் சரியாகிவிடும். மனசுதான் சொன்னபடி கேட்காது. 1688-லேயே யோஹன்னஸ் ஹோஃபர் என்பவர், பாசல் பல்கலைக்கழகத்தில் அளித்த மருத்துவ ஆய்வேட்டில், ஊர் ஏக்கத்தை ஒரு நோயாகவே விவரித்தார். வெளிநாடு போகிறவரின் மனநிலை முதலில் உயர்ந்து, பிறகு சரிந்து, மறுபடி ஏறும் என்று 1955-இல் நார்வே ஆய்வாளர் லிஸ்கார்ட் எழுதினார். தாயகம் திரும்பியவருக்கும் அதே சரிவு இன்னொரு முறை வரும் என்று 1963-இல் ஆய்வாளர்களான குல்லஹார்ன் தம்பதி, ஏறி இறங்கும் அந்த வளைகோட்டை நீட்டினார்கள். படித்தபோது எனக்கு ஒரு குறை தோன்றியது. இரண்டு கோடுகளும், ஒருவர் போவார், ஒரு நாள் திரும்பி வந்துவிடுவார் என்றே எண்ணுகின்றன. வருவதும் போவதுமாகவே காலம் தள்ளுகிறவர்களுக்கு அதில் இடமில்லை. ஐ.நா. கணக்குப்படி 2024-இல் சொந்த நாட்டைவிட்டு வேறு நாட்டில் வாழ்கிறவர்கள் சுமார் 30.4 கோடி பேர். அவர்களில் பலருக்கு இந்தச் சரிவு ஒவ்வொரு விடுப்புக்கும் ஒரு தடவை வருகிறது.

எனக்கு அது தொலைபேசியில் வரும். ஊருக்குப் போகும்வரை காணொளி அழைப்பில் அம்மா நன்றாகத்தான் இருந்தார். அதில் முகம் மட்டும்தானே தெரியும்? நேரில் போன பிறகுதான், சமையலறைக்குப் போக எழுந்தால் முதலில் நாற்காலியின் முதுகு, அப்புறம் சுவர், அப்புறம் கதவு நிலை என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தேன். திரும்பி வந்த பிறகும் அதே திரை, அதே முகம், அதே "நல்லாத்தான் இருக்கேன்". ஆனால் இப்போது அந்தத் திரையின் விளிம்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இது தெரிந்த மறுநாளே வேலையில் போய் நில் என்றால் எப்படி?

வீட்டில் இருக்கிறவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். "அங்க சம்பாதிக்கிற, உனக்கு என்ன குறை?" என்பதை அந்த ஒரு வாரத்துக்காவது நிறுத்திவையுங்கள். குறை இருக்கிறது என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று சொன்னால் நம்பவும் மாட்டீர்கள்.

என் யோசனை சின்னதுதான். விடுப்பின் கடைசி இரண்டு நாளை, வேலை பார்க்கும் ஊரில் வந்து கழியுங்கள். பெட்டியைப் பிரிக்க, துணி துவைக்க, பகலில் கொஞ்சம் வெளியே நடக்க. இதைச் சொன்னபோது, "வந்ததே கொஞ்ச நாள், அதிலும் ரெண்டு நாள் குறைக்கிறியா?" என்று அம்மா கோபித்துக்கொண்டார். நியாயமான கோபம்தான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் அப்படித்தான் டிக்கெட் போட்டேன், அடுத்த தடவையும் போடுவேன்.

வேலை கொடுப்பவர்களும் கொஞ்சம் மனசு வைக்கலாம். வந்த முதல் நாளே இரவுப் பணி போடாமல் இருப்பதற்குக் காசு செலவாகாது. விடுப்பு விண்ணப்பத்தில் வந்திறங்கும் தேதிக்கும் வேலையில் சேரும் தேதிக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும் என்று எங்கள் பிரிவில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். மேலாளர் இன்னும் பதில் சொல்லவில்லை.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி