பனி அரண்மனையா, பத்தாயமா? பொருட்காட்சிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மன்னார்குடி பக்கம் கோடைப் பொருட்காட்சி நடத்தும் குழுவினருக்கும், அரங்கு போடும் ஒப்பந்தக்காரர்களுக்கும் வணக்கம்.

அனிமேஷன் படத்தை வைத்து ஒரு புது அரங்கு என்று பேச்சு எழுந்தாலே எங்கள் ரசிகர் கூட்டத்தில் ரகளைதான். பாதிப் பேருக்கு 'ஃப்ரோஸன்' படத்துப் பனி அரண்மனை வேண்டும். டிராகன் இல்லாவிட்டால் வரமாட்டோம் என்கிறது ஒரு கோஷ்டி. ஜப்பான் படங்களே கதி என்கிறது இன்னொன்று. எந்தப் படம் என்ற சண்டையை நாங்களே போட்டுக்கொள்கிறோம். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: முகங்களை விடுங்கள், இடத்தைக் கட்டுங்கள்.

பணத்தைக் கொட்டுகிறவர்களுக்கே முகம் சறுக்கியிருக்கிறது. அமெரிக்காவின் எப்காட் பூங்காவில் 2016-இல் திறந்த ஃப்ரோஸன் படகுச் சவாரியில் பொம்மைகளின் முகத்தைப் புரொஜெக்டர் ஒளியில் காட்டினார்கள். முகம் மட்டும் தனியாக மினுங்கியது, கழுத்துக்குக் கீழே வேறு நிறம். ரசிகர்கள் விடாமல் குறை சொன்னார்கள். 2023 நவம்பரில் ஹாங்காங்கில் அதே சவாரியைத் திறந்தபோது முகங்களை உருவமாகவே செய்து வைத்தார்கள்.

நம் திடல்களில் ஃபைபர் முகம் ஏன் பேய் மாதிரி முழிக்கிறது? அனிமேஷன் முகத்தில் கண்தான் பாதி. பெயின்டர் கருவிழியை நட்டநடுவில் முழு வட்டமாக வைத்துவிடுகிறார். மேலிமை கருவிழியின் மேல் விளிம்பைக் கொஞ்சம் மூட வேண்டும், இரண்டு கருவிழியும் மூக்குப் பக்கம் ஒரு நூல் உள்ளே வர வேண்டும், வெள்ளைப் புள்ளி இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் விழ வேண்டும். இவ்வளவும் சரியாகச் செய்தபிறகு ஃபோகஸ் லைட்டைத் தரையில் வைத்து மேல்நோக்கி அடித்தால் எல்லாம் வீண். அதோடு அந்த முகங்கள் இன்னொருவர் சொத்து. எழுத்தில் அனுமதி வாங்காமல் டிக்கெட் போட்டுக் காட்டுவது 1957 பதிப்புரிமைச் சட்டப்படி வம்பு.

இடத்தைக் கட்டுவது என்றால் என்ன? ஜப்பானில் 2022 நவம்பர் 1 அன்று திறந்த ஜிப்லி பூங்கா, ஜிப்லி என்ற அனிமேஷன் நிறுவனத்தின் படங்களை வைத்துக் கட்டியது, பெரிய சவாரிகளை நம்பி நிற்கவில்லை. 'மை நெய்பர் டோட்டோரோ' படத்துச் சிறுமிகளின் வீடு அங்கே இருக்கிறது, 2005 உலகக் கண்காட்சிக்காகக் கட்டியது. வருகிறவர்கள் அலமாரியைத் திறக்கலாம், இழுப்பறையை இழுக்கலாம். உள்ளே மடித்த துணிமணி. அவ்வளவுதான், ஆனால் படத்துக்குள் நுழைந்த மாதிரி ஆகிவிடுகிறது.

அந்த வீட்டையே நகலெடுக்கச் சொல்லவில்லை. திண்ணை, முற்றம், ஒரு பத்தாயம் வைத்து நம் ஊர் வீடு ஒன்றை, கதையையும் நீங்களே எழுதி, கட்டுங்கள். பத்தாயத்தின் அடியில் நெல் தள்ளும் சின்னக் கதவு இருக்குமல்லவா, அது நாலு வயதுப் பிள்ளையின் கண் மட்டத்துக்கு வர வேண்டும். திறந்தால் உள்ளே மஞ்சள் விளக்கில் ஒரு தலையாட்டி பொம்மை. முற்றத்தில் ஐந்தடி உயரத்தில் இன்னொன்று, தள்ளினால் சாய்ந்து எழும்புகிற வகை. மோட்டார் வேண்டாம். அடிப்பாகம் அரைக்கோளமாக இருக்க, மொத்த எடையின் மையம் அந்தக் கோளத்தின் மையத்துக்குக் கீழே நின்றால் போதும். மேல்பாகத்தைக் காகிதக்கூழில் மெல்லியதாக வார்த்தெடுங்கள், அடியில் மணலைக் கொட்டாதீர்கள். உதிரி மணல் ஒரு பக்கம் சரிந்தால் பொம்மை படுத்தேவிடும். சிமென்ட் கலவையாக இறுக்கிவிடுங்கள்.

தெர்மாகோலில் செதுக்குவோருக்கு ஒரு வார்த்தை. அதன்மேல் நேரடியாக ஃபைபர் வேலைக்கான ரெசின் பூசினாலும் தின்னர் கலந்த பெயின்ட் அடித்தாலும் அரித்துக் குழியாகிவிடும். முதலில் செய்தித்தாளைப் பசையில் தோய்த்து மூன்று நான்கு அடுக்கு ஒட்டி, முழுக்கக் காயவிட்டு, பிறகுதான் ரெசின். பெயின்ட் மட்டும்தான் என்றால் எமல்ஷன் போதும். சித்திரை வெயிலில், ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்டை 2 சதவீதம் ஊற்றினால் கலவை டப்பாவிலேயே இறுகும், 1 சதவீதத்துக்கு இறங்குங்கள். இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேராக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். வெளிப்பக்கத்துப் பூச்சான ஜெல்கோட் மெல்லியதாகப் போனால் ரெசின் ஏறியதும் முதலைத் தோலாகச் சுருங்கும். அப்புறம் பட்டி பார்த்துத் தீராது.

பனி அரண்மனைதான் என்று அடம்பிடித்தால்: மூடிய சுரங்கத்துக்குள் புகை மெஷின் வைத்தால் அதன் ஈரம் வினைல் தரையில் படிந்து வழுக்கும். தென்னைநார் மிதியடி விரியுங்கள். உலர்பனி வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வருவது கரியமில வாயு, காற்றைவிடக் கனம், குழந்தையின் மூக்கு உயரத்தில் தேங்கும். தெர்மாகோல் பற்றினால் கருப்புப் புகையோடு உருகிச் சொட்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த மாவட்டம் இது. கீற்றுக் கூரையும் ஒற்றை வாசலும் வேண்டாம் என்று நாங்கள் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறோம்: வெளியே தள்ளித் திறக்கும் இரண்டு வாசல், தாழ்ப்பாள் இல்லாமல்.

வரிசையைப் பற்றி ரசிகர்கள் யாருமே சண்டை போடுவதில்லை, கெடுப்பது அதுதான். உள்ளே ஒரே ஒரு செல்ஃபி இடம், நாலு பேர் குடும்பத்துக்கு அரை நிமிடம் என்று வையுங்கள். மணிக்கு 120 குடும்பம், 480 பேர். ஆறு மணியிலிருந்து ஒன்பதுக்குள் 1,440 பேருக்கு மேல் வழியே இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அப்பளக் கடை வரைக்கும் நிற்கும். செல்ஃபி இடத்தை வெளியேறும் வாசலுக்கு அப்பால், பக்கம் பக்கமாக மூன்றாக வையுங்கள்.

பொம்மைகளை லாரியில் ஏற்றுவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரே ஒரு முகத்தையும் அந்தப் பத்தாயக் கதவையும் மட்டும் திடலுக்குக் கொண்டுவாருங்கள். மாலை ஏழு மணி, அங்கே எரியப்போகிற அதே விளக்கு. பிள்ளைகளை நாங்கள் கூட்டிவருகிறோம்.

இப்படிக்கு,
டெல்டா மாவட்டத்து அனிமேஷன் ரசிகர்கள் சிலர்