கழுதையின் கேள்வியை விட்டுவிட்டீர்களே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புராணங்களிலும் வேதநூல்களிலும் வரும் விலங்குகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மயில் எதைக் குறிக்கிறது, பாம்பு எதைக் குறிக்கிறது, மூஞ்சூறு எதைக் குறிக்கிறது என்று கட்டுரையாளர் பொறுமையாக விளக்கியிருக்கிறார். உழைப்பு தெரிகிறது. ஆனால் இத்தனை மிருகங்கள் வந்துபோகிற ஐந்து பக்கத்தில் ஓர் இடத்தில்கூடச் சிரிப்பு வரவில்லை. அது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. இந்தக் கதைகளைச் சொன்னவர்கள் சிரிக்கத் தெரிந்தவர்கள். கேட்பவர்களும் சிரிக்க வேண்டும் என்று நினைத்தே சொல்லியிருக்கிறார்கள்.

பிலேயாமின் கழுதையையே எடுத்துக்கொள்ளுங்கள். மனிதன் காணாத தேவதூதனை மிருகம் கண்டது என்று ஒரே வரியில் கட்டுரை அதைக் கடந்துவிடுகிறது. பைபிளில் எண்ணாகமம் 22-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள், அங்கே ஒரு நாடகமே நடக்கிறது. பிலேயாம் பெயர்பெற்ற தீர்க்கதரிசி. மற்றவர் கண்ணுக்குத் தெரியாததைப் பார்ப்பவன் என்று நம்பித்தான் மோவாப் ராஜா அவனைக் கூலி பேசி அழைக்கிறான். வழியில் உருவிய பட்டயத்தோடு, அதாவது வாளோடு, தூதன் நிற்கிறான். கழுதைக்குத் தெரிகிறது, தீர்க்கதரிசிக்குத் தெரியவில்லை. கழுதை வயலுக்குள் இறங்குகிறது, அடி விழுகிறது. திராட்சைத் தோட்டச் சுவர்களுக்கு நடுவே ஒதுங்கி, அவன் காலைச் சுவரோடு சேர்த்து நெருக்குகிறது. மறுபடியும் அடி. மூன்றாவது தடவை இடப்பக்கமும் போக முடியாது, வலப்பக்கமும் போக முடியாது. அவனைச் சுமந்தபடியே அப்படியே படுத்துவிடுகிறது. அப்போது தடியாலேயே அடிக்கிறான்.

கர்த்தர் கழுதையின் வாயைத் திறக்கிறார். 'மூன்று தரம் என்னை அடித்தீரே, நான் உமக்கு என்ன செய்தேன்?' என்கிறது கழுதை. பிலேயாம் என்ன செய்ய வேண்டும்? குதித்து இறங்கி ஓட வேண்டாமா? அவன் பதில் பேசுகிறான்! 'நீ என்னைக் கேலி பண்ணுகிறாய், என் கையில் மட்டும் ஒரு பட்டயம் இருந்தால் உன்னைக் கொன்றிருப்பேன்' என்று வழக்காடுகிறான். பட்டயம் அவன் மூக்குக்கு நேரே தூதன் கையில் இருக்கிறது. கழுதை நிதானமாகக் கேட்கிறது: 'இத்தனை காலமாக நீர் ஏறி வந்த கழுதை நான்தானே, என்றைக்காவது இப்படிச் செய்தது உண்டா?' அதற்கு அந்தப் பெரிய தீர்க்கதரிசி சொன்ன பதில் ஒரே சொல்: 'இல்லை.'

இந்தக் கதையை என் பேத்திக்கு ராத்திரி படுக்கையில் சொன்னேன். 'இல்லை' என்று நான் சொன்னதும் போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். "கழுதை பேசுதேன்னு அவருக்குப் பயமே இல்லையா பாட்டி?" என்று கேட்டுவிட்டு, அடக்க முடியாமல் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு, "பாவம், மூணு அடி வாங்கியிருக்கு" என்றாள். நான் எந்த விளக்கமும் சொல்லவில்லை. சிரித்ததால்தான் அந்த அடி அவளுக்கு வலித்தது. சிரிப்பை எடுத்துவிட்டு அடையாளத்தை மட்டும் கொடுத்திருந்தால் அவள் தூங்கியிருப்பாள்.

தெய்வ சம்பந்தமான கதையில் சிரிக்கலாமா என்று சிலருக்குத் தயக்கம் உண்டு. கட்டுரையாளருக்கும் அந்தத் தயக்கம் இருந்திருக்கலாம். அது நல்ல மனசிலிருந்து வருவதுதான். ஆனால் குர்ஆனில் எறும்பின் பெயரையே தாங்கிய 27-ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். சுலைமான் நபியின் படை எறும்புகளின் பள்ளத்தாக்குக்கு வருகிறது. ஓர் எறும்பு, 'எல்லோரும் வீட்டுக்குள் போய்விடுங்கள், சுலைமானும் அவர் படையும் தெரியாமல் உங்களை மிதித்துவிடப் போகிறார்கள்' என்று எச்சரிக்கிறது. 'தெரியாமல்' என்று அது சேர்த்துச் சொல்வதைக் கவனியுங்கள், எவ்வளவு மரியாதை! அதைக் கேட்டு நபி புன்னகைத்துச் சிரித்தார் என்று வேதமே சொல்கிறது. சிரித்த கையோடு நன்றி செலுத்த அருளும்படி இறைவனிடம் வேண்டுகிறார். சிரிப்புக்கும் பிரார்த்தனைக்கும் நடுவே அங்கே இடைவெளியே இல்லை. அடுத்து பறவைகளைப் பார்வையிடும்போது கொண்டலாத்தியைக் காணவில்லை. தக்க காரணம் சொல்லாவிட்டால் கடும் தண்டனை என்கிறார். அது வந்து நின்று, 'உங்களுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறேன்' என்று தொடங்குகிறது. சபா நாட்டு ராணியைப் பற்றிய செய்தி அப்படித்தான் அரசருக்கு வருகிறது.

நம் தமிழில் காளமேகம் பிள்ளையாரையே பாடியிருக்கிறார். எலி வாகனத்தில் அவர் உலா வருவதைப் பார்த்து, சிவனின் மழுவும் திருமாலின் சக்கரமும் பிரமனின் கதாயுதமும் பறிபோய்விட்டனவா என்று பதறி, இவ்வளவு பெரிய மதயானையை 'ஐயோ எலி இழுத்துப் போகின்றது ஏன்' என்று கேட்கிறார். பக்தி இல்லாதவருக்கு அந்த 'ஐயோ' வராது. மூஞ்சூறு ஆசையின் அடையாளம் என்று அரைப் பக்கம் எழுதிய இடத்தில் இந்த வெண்பாவுக்கு நாலு வரி கிடைத்திருக்கலாம்.

ராமாயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் மதுவனம். சீதையைக் கண்டுவிட்டுத் திரும்புகிற வானரங்கள் சுக்ரீவனின் காவல் தோப்புக்குள் புகுந்து தேனைக் குடித்துத் தீர்க்கின்றன. சிலர் பாடுகிறார்கள், சிலர் கும்பிடுகிறார்கள், சிலர் ஆடுகிறார்கள், சிலர் காரணமில்லாமல் சிரிக்கிறார்கள் என்று வால்மீகி அடுக்கிக்கொண்டே போகிறார். காவல்காரர் ததிமுகன் சுக்ரீவனுக்கே மாமன் முறை. அவரையும் அடித்துப் போடுகிறார்கள். அவர் அழுத கண்ணோடு வந்து முறையிட, சுக்ரீவன் கோபப்படுவான் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அவனோ பூரித்துப் போகிறான். காரியம் முடியாமல் இந்தப் பயல்கள் என் தோப்பில் கை வைக்கத் துணிய மாட்டார்கள், அப்படியானால் சீதையைப் பார்த்துவிட்டார்கள்! அவர்கள் கூச்சல் நெருங்க நெருங்க அவன் வால் நீண்டு சுருள்கிறது என்று எழுதுகிறார் வால்மீகி. இத்தனை மாதத் துக்கத்துக்குப் பிறகு ராமனுக்கு நல்ல சேதி முதலில் எட்டியது ஒரு குரங்குக் கும்மாளத்தின் வழியாக. அப்புறம்தான் அனுமன் வந்து சொல்கிறான். இந்தக் கும்மாளத்தை வெட்டிவிட்டால் அந்தச் சந்தோஷம் எங்கே போகும்?

வெட்டத்தான் செய்கிறார்கள். பேத்திக்காக நான் வாங்கிய ஒரு கதைப் புத்தகத்தில் திருவிளையாடற் புராணக் கதைகள் இருந்தன. சிவன் நரியைப் பரியாக்கியதை, அதாவது குதிரையாக்கியதை, பரஞ்சோதி முனிவர் ஒரு படலமாகவும், பரி மறுபடி நரியானதை இன்னொரு படலமாகவும் பாடியிருக்கிறார். நள்ளிரவில் லாயத்தில் கட்டியிருந்த உயர்சாதிக் குதிரைகளெல்லாம் நரிகளாகி, பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஊளையிட்டுக்கொண்டு ஓடுகின்றன. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணம் ஊளையிட்டுப் போகிற அந்த ராத்திரி எப்படிப்பட்ட காட்சி! புத்தகத்தில் இருந்தது 'குதிரைகள் மீண்டும் நரிகளாயின' என்ற மூன்று சொல். பன்றிக்குட்டிகள் பாண்டியனுக்கு மந்திரிகளான படலம் அதில் சேர்க்கப்படவே இல்லை. பொற்றாமரைக் குளத்தில் மீனே இருக்கக் கூடாது, இருந்தால் எங்கள் இனம் தின்று பாவம் சேர்த்துவிடும் என்று சிவனிடம் வரம் கேட்ட நாரையும் இல்லை. தன் இனத்தை அவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருந்த நாரையை எந்தக் குழந்தைக்குப் பிடிக்காது?

கட்டுரையில் நம் அணிலுக்கு ஒரு பத்தி ஒதுக்கியதற்கு நன்றி. தொண்டரடிப்பொடியாழ்வார் அதைச் 'சலமிலா அணில்' என்கிறார், கபடமே இல்லாத அணில். குரங்குகள் மலையைத் தள்ள, இது தண்ணீரில் முழுகி, புரண்டு, ஓடிக் கடலை அடைக்கப் பார்க்கிறது. அதன் பக்கத்திலேயே வட ஐரோப்பியப் பழங்கதைகளில் வரும் ரடடோஸ்க் என்ற அணிலையும் நிறுத்தியிருக்கலாம். உலகத்தையே தாங்குகிற இக்ட்ரசில் மரத்தின் உச்சியில் ஒரு கழுகு, வேரடியில் நிதோக் என்ற நாகம். இரண்டுக்கும் நடுவே ஏறி இறங்கி, ஒருவர் திட்டியதை மற்றவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இந்த அணிலின் முழுநேர வேலை. நம் அணில் மண் சுமக்கிறது, அது கோள் சுமக்கிறது. ஆனால் இரண்டு ஊர்க்காரர்களும் அணில் மரத்தில் ஏறி இறங்குவதை உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்கிற பிள்ளை அடுத்த முறை அணிலைப் பார்க்கும்போது நின்று பார்க்கும்.

மகாபாரதத்தில் பாதி உடம்பு பொன்னான கீரி தர்மரின் அசுவமேத யாகசாலைக்கே வந்து, இந்த யாகம் ஓர் ஏழை கொடுத்த ஒரு படி மாவுக்கு ஈடாகாது என்று எல்லார் முன்னிலையிலும் சொல்வதை நான் விரித்து எழுதவில்லை. அது தனிக் கட்டுரைக்கே போதும்.

அடுத்த இதழில் இதே வரிசையில் பைபிளில் யோனா தீர்க்கதரிசியை விழுங்கிய மீன் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். தயவுசெய்து மீனோடு நிறுத்திவிடாதீர்கள். நினிவேயின் ராஜா மனம் திரும்பியதும் மனிதரோடு ஆடுமாடுகளும் உபவாசம் இருக்க வேண்டும், அவையும் இரட்டு உடுத்த வேண்டும் என்று கட்டளை போடுகிறான். துக்கத்துணி போர்த்திய மாடுகளைச் சித்திரக்காரரிடம் சொல்லி வரையச் சொல்லுங்கள். நகரம் கடவுளின் தண்டனையிலிருந்து தப்பியதற்காகக் கோபித்துக்கொண்டு வெளியே போய் உட்காரும் யோனாவையும், அவனுக்கு நிழல் தந்த ஆமணக்கை அரித்துவிடும் அந்தச் சின்னப் பூச்சியையும் பக்கத்தில் சேருங்கள். ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் அதிகமான ஜனங்கள் உள்ள ஊருக்காக நான் பரிதாபப்படக் கூடாதா என்று கடவுள் யோனாவிடம் கேட்பதோடு அந்தப் புத்தகம் முடிகிறது. அந்தக் கேள்வியின் கடைசியில் கடவுள் அந்த மாடுகளையும் சேர்த்துக்கொள்கிறார். அதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி