நைனாவுக்கு ஒரு ரிப்பேர் கதை

அன்புள்ள நைனாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். ராயபுரத்தில் மழை விட்டதா? அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது?

இங்கே கனடாவில், வினிபெக்கில் குளிர் மைனஸ் 25 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டது. ராத்திரி காரை நிறுத்தினால், காலையில் இஞ்சின் கிளம்புவதற்காக, அதைச் சூடாக வைக்கும் ஹீட்டரின் வயரை இழுத்துக் கரண்ட் பிளக்கில் மாட்டி வைக்கிறோம். இந்தக் குளிரில்தான் காரின் ரிமோட் செத்துப்போனது. சாவி போடலாமென்றால் பூட்டுக்குள் ஈரம் உறைந்து சாவி திரும்பவே இல்லை. கையில் குழந்தையோடு உங்கள் மருமகள் வெளியே நின்றதைப் பார்த்ததும் இதை உடனே சரிசெய்யத் தோன்றியது. ஒர்க்ஷாப் கூலி கட்டுப்படியாகாது. இங்கே பலரும் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

கல்மண்டபம் மெக்கானிக் ஷெட்டில் நீங்கள் சொல்வீர்களே, "எது ஓடலைன்னு பார்க்காதே, எது ஓடுதுன்னு பாரு" என்று. அப்படியே பார்த்தேன். ரிமோட்டுக்குப் புது 3 வோல்ட் பேட்டரி போட்டும் பயனில்லை. இரண்டாவது ரிமோட்டும் வேலை செய்யவில்லை. ஆனால் உள்ளே இருக்கும் சுவிட்சை அழுத்தினால் நான்கு கதவும் பூட்டின. அப்படியென்றால் பூட்டு மோட்டாரும் ஃபியூஸும் நன்றாகத்தான் இருக்கின்றன. ரிமோட் சிக்னலை வாங்கும் மாட்யூல்தான் போயிருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் ஹீட்டர் உள்ள தன் கராஜைத் தந்தார். குளிரில் பிளாஸ்டிக் கிளிப் எல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கும், அதனால் வண்டியை நன்றாகச் சூடேற விட்டுத்தான் கை வைத்தேன். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன், ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட்டில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால். கால் பக்கத்துத் தகட்டை எடுத்தால் மாட்யூல் கனெக்டர் பின்களில் பச்சை பூத்திருந்தது! காசிமேட்டில் கடல்காற்று செய்வதை இங்கே ரோட்டில் பனி உருகக் கொட்டும் உப்பு செய்கிறது. பூட்ஸில் ஒட்டி வந்து உள்ளே இறங்குகிறது. பின்களைச் சுத்தம் செய்து, அதே பார்ட் நம்பர் உள்ள மாட்யூலை மாட்டினேன்.

அப்புறம் இருக்கிறது நம் ஷெட்டில் இல்லாத வேலை. புது மாட்யூலுக்கு நம் ரிமோட்டைத் தெரியாது, நாம்தான் பழக்க வேண்டும். என் வண்டிக்கு, இக்னிஷனை 10 நொடிக்குள் 8 முறை ஆன் ஆஃப் செய்தால் கதவுகள் தானாகப் பூட்டித் திறக்கும். உடனே ஒவ்வொரு ரிமோட்டிலும் ஏதாவது ஒரு பட்டனை அழுத்த வேண்டும், எந்த ரிமோட்டை விட்டாலும் அது சேராது. இஞ்சினைக் கிளப்பும் சாவி சிப் இதில் தனி; அதைத் தொடவே இல்லை. பட்டனை அழுத்தி 'டக்' சத்தம் கேட்டதும் உங்களைத்தான் நினைத்தேன்.

தம்பி இங்கிருந்து பழைய ரிமோட்டுகள் கேட்டிருந்தான். வேண்டாமென்று சொல்லுங்கள். ரிமோட் சிக்னலின் அலைவரிசை இங்கே பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ், அங்கே 433, ஒத்துப்போகாது. பழுதான மாட்யூலை மட்டும் ஊருக்கு வருகிறவரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஷெட் பையன்களைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த மகன்