கீல் ஒட்டுவதற்கு முன்

கண்ணு,

"இனி கீல் மட்டும்தான்பா பாக்கி, அரை மணி நேர வேலை" என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனில் ஆரம்பித்தால் "சரிப்பா, சரிப்பா" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். மேஜையில் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்.

ரேடியோவால் இயக்கும் மாடல் விமானத்தில் கேடட் எல்டி-40ஐ முதல் கிட்டாக எடுத்தது நல்ல முடிவு. 70 அங்குல இறக்கை, அதுவும் உடம்புக்கு மேலே உட்கார்ந்தது. மெதுவாகப் பறக்கும், கை தடுமாறினாலும் உடனே கவிழாது. ஆனால் எவ்வளவு சாதுவான விமானமாக இருந்தாலும் அது உன் பேச்சைக் கேட்பது இறக்கையின் பின் ஓரத்தில் அசையும் ஏலரான், வாலில் மேலும் கீழும் அசையும் எலிவேட்டர், இடவலமாக அசையும் ரட்டர் வழியாகத்தான். இதுவரை நீ ஒட்டியதெல்லாம் அசையக் கூடாது என்பதற்காக ஒட்டியது. கீல் ஒட்டவும் வேண்டும், அசையவும் வேண்டும். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய துண்டுகளை நம்பித்தான் மொத்த விமானமும் மேலே போகிறது.

நீ இருக்கும் டேட்டனிலேயே காரிலான் பார்க்கில் ரைட் சகோதரர்களின் 1905 விமானம் இருக்கிறதே, அடுத்த முறை போனால் இறக்கையைக் கவனி. அதில் ஏலரானே கிடையாது. கம்பியை இழுத்து இறக்கையையே முறுக்கித்தான் விமானத்தைச் சாய்த்தார்கள். இன்னொரு விமானத் தயாரிப்பாளரான கர்டிஸ் ஏலரான் வைத்துப் பறந்ததும் காப்புரிமை வழக்குப் போட்டார்கள். 1914இல் மேல்முறையீட்டிலும் ரைட் பக்கம்தான் தீர்ப்பு. ஆகாயத்தில் ஜெயித்தது என்னவோ கீல்தான்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் சாய்வு. அசையும் பகுதியின் முன் விளிம்பு நடுவில் பென்சிலால் ஒரு கோடு போடு. அந்தக் கோட்டை நோக்கி மேலிருந்தும் கீழிருந்தும் மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய். பக்கவாட்டில் பார்த்தால் கூர்முனை தெரிய வேண்டும், ஆனால் கோடு அழியக் கூடாது. சாய்வு போதாவிட்டால் எலிவேட்டர் மேலே போகும்போது விளிம்பு இடிக்கும். நீ அதைச் சரிசெய்கிறேன் என்று இடைவெளியைக் கூட்டுவாய். அங்கிருந்துதான் தொல்லை ஆரம்பம். கட்டை இல்லாமல் விரலால் தேய்க்காதே, மெத்தென்ற பால்சா மரம் அலை அலையாகிவிடும்.

அடுத்து கீல் நுழையும் பிளவு. இரண்டு பகுதிகளையும் சேர்த்து வைத்து ஒரே நேரத்தில் குறி போடு, தனித்தனியாக அளந்தால் எங்காவது ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போகும். ஓரத்துக் கீல்கள் முனைக்குப் பக்கத்தில் இருக்கட்டும், ஹார்ன் என்ற சிறு கொம்பு வரும் இடத்துக்கு அருகிலும் ஒன்று இருக்க வேண்டும், ஏனென்றால் சர்வோ என்ற குட்டி மோட்டாரின் முழு இழுப்பும் அங்கேதான் விழுகிறது. கத்தியை ஒரே குத்தாகச் சொருகாதே. பால்சாவின் நார் கத்தியைத் தன் போக்குக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பக்கவாட்டில் வெளியே தள்ளிவிடும். நுனியால் கோட்டின் மேல் கீறி, கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாக்கு. கீல் சிரமமில்லாமல் நுழைந்தால் போதும், தொளதொளவென்று இருக்கக் கூடாது.

பிளவு வெட்டியதும் அதன் நடுவில் 2 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு துளை போடு, கீல் போகும் ஆழத்துக்கு. பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். அந்த வழியாகத்தான் பசை கீலின் கடைசி முனை வரை ஓடிச் சேரும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் மரத்தின் மேல் போர்த்தும் கவரிங் ஃபிலிம். ஃபிலிம் போட்டதும் பிளவுக்கு மேலே இருக்கும் பாகத்தை நறுக்கி எடுத்துவிடு. இல்லாவிட்டால் பசை மரத்தில் இறங்காமல் ஃபிலிமிலேயே நின்றுவிடும்.

இப்போது பசை. உன் கிட்டில் வரும் வகைக் கீல் மெல்லிய தகடு, இரண்டு பக்கமும் நார் பூசியது. அதற்கு மெல்லிய சிஏ மட்டும்தான், நம் ஊர் ஃபெவிக்விக் இனம், தண்ணீர் போல ஓடுவது. நடுத்தரம், கெட்டி இரண்டும் உள்ளே போவதற்குள் வாசலிலேயே இறுகிவிடும். சீக்கிரம் உலர்த்தும் ஸ்பிரே பக்கம் கையே கொண்டுபோகாதே, அதற்கும் அதே கதிதான்.

கீலின் நடுவில் ஒரு குண்டூசி குத்து. அப்போதுதான் பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம் என்று சமமாக நிற்கும். எல்லாக் கீலையும் நுழைத்து, இரண்டு பகுதிகளையும் நெருக்கி, பிறகு ஊசிகளை எடுத்துவிடு. இடைவெளி ஒரு தாள் கனம் இருந்தால் போதும். எலிவேட்டரை ஒரு பக்கம் முழுக்க மடக்கி, தெரியும் கீலின் மேல் சொட்டு சொட்டாக ஐந்தாறு சொட்டு விடு. ஒரேயடியாக ஊற்றாதே, மரம் குடிக்கக் குடிக்க விடு. திருப்பி அடுத்த பக்கமும் அப்படியே. கண்ணாடி போட்டுக்கொள், ஜன்னலைத் திற, அந்த ஆவி கண்ணைக் கரிக்கும். விரல் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதே, உன் நெயில் பாலிஷ் ரிமூவரில் அசிட்டோன் இருந்தால் அதுவே எடுத்துவிடும். ஆனால் அதை ஃபிலிம் மேல் சிந்தாதே.

பத்து நிமிஷம் விட்டுவிட்டு மெதுவாக மேலும் கீழும் அசை. ஆரம்பத்தில் விறைப்பாக இருக்கும், அசைக்க அசைக்க இளகிவிடும்.

அப்புறம் இழு. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். ஒவ்வொரு கீலுக்கும் பக்கத்தில் பிடித்து, மழைக்காலத்தில் இறுகிப்போன மேஜை இழுப்பறையை இழுப்பது போல இழு. "இவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்ததை நானே பிய்க்கணுமா?" என்று நீ கேட்பாய். பிய்ந்து வரவேண்டிய கீல் உன் மேஜையில் பிய்ந்தால் ஒரு சாயங்கால வேலை போகும். மேலே போய்ப் பிய்ந்தால் விமானம் போகும், கீழே யாராவது நின்றால் அதற்கு மேலும் போகும். எங்கள் மைதானத்தில் ஒருவர் பார்க்க அவ்வளவு அழகாகச் செய்த மாடல் டைவிலிருந்து நிமிரும்போது எலிவேட்டரின் ஒரு ஓரம் கழன்று நேராகத் தரையில் இறங்கியது. பொறுக்கி எடுத்துப் பார்த்தால் கீல் பாதி வரைதான் நனைந்திருந்தது, மீதி வெறும் காய்ந்த நார். இழுத்துப் பார்த்திருந்தால் வீட்டிலேயே கையோடு வந்திருக்கும்.

என்சிசியில் நாங்கள் செய்தது கன்ட்ரோல் லைன் மாடல், இரண்டு கம்பியில் வட்டமடிப்பது. எலிவேட்டரை நைலான் நூலால் எட்டு வடிவத்தில் தைத்துவிடுவோம். பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் லேசில் பிய்யாது. உனக்கு இந்தத் தகட்டுக் கீல் மேல் நம்பிக்கை வரவில்லை என்றால், பல்குச்சியைக் கீலுக்குக் குறுக்கே செலுத்தி ஒட்டிவிடலாம். கூடுதல் காவல்.

ஹார்ன் பொருத்தும்போது அதன் துளைகள் கீல் கோட்டுக்கு நேர் மேலே வர வேண்டும். முன்னே பின்னே இருந்தால் மேலே போகும் அளவும் கீழே போகும் அளவும் வேறாகிவிடும். சர்வோவையும் ஹார்னையும் இணைக்கும் புஷ்ராடு கம்பியை ஹார்னின் வெளித் துளையிலும் சர்வோ கையின் உள் துளையிலும் மாட்டி ஆரம்பி. அசைவு குறையும், ஆட்டமும் குறையும். இணைப்பு தொளதொளத்தால் வேகத்தில் எலிவேட்டர் படபடக்கும், அந்தப் படபடப்பே கீலைத் தின்றுவிடும்.

ரேடியோவைப் போட்டதும் விமானத்துக்குப் பின்னால் நின்று பார். ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது ஏலரான் மேலே போக வேண்டும், இடது கீழே. ஸ்டிக்கை உன் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே. ஒவ்வொரு முறை பறப்பதற்கு முன்பும் இதைப் பார், பழகிவிட்டது என்று விடாதே. ஏலரான் தலைகீழாக இணைத்த மாடலைக் காப்பாற்ற அனுபவசாலிக்கே கஷ்டம்.

தனியாகப் பறக்கவிடாதே. பக்கத்தில் ஏஎம்ஏ, அதாவது அமெரிக்க மாடல் விமானச் சங்கத்தின் கிளப் இருக்கிறதா பார், இரண்டு ரேடியோக்களை இணைத்துச் சொல்லித்தருவார்கள். உன் விமானம் 250 கிராமுக்கு மேல் என்பதால் எஃப்ஏஏ என்ற அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையில் பதிவு செய்ய வேண்டும், அந்தச் சின்ன ஆன்லைன் தேர்வையும் முடித்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் ஏலரானை இழுத்துக் காட்டு. அம்மா சமையலறையில் இருக்கும்போது காட்டினால் நல்லது. இழுக்கும்போது பால்சா கொஞ்சம் கிறீச்சிடும், நீ எதையோ உடைத்துவிட்டாய் என்று ஓடி வந்துவிடுவாள்.

அன்புடன்,
அப்பா